சிறுவயதுப் புறக்கணிப்பை அளக்கும் வினாநிரலைத் தமிழில் சோதிக்கப் போகிறீர்களா? கோலாலம்பூரில் தொடங்குவோருக்கு ஒரு வழிகாட்டி

உளவியல், சமூகப்பணி, ஆலோசனை, பொதுச் சுகாதாரம் என்று ஏதோ ஒரு துறையில் முதுகலையோ முனைவர் பட்டமோ செய்கிறீர்கள், நம் மக்களிடம் சிறுவயதுப் புறக்கணிப்பைப் பற்றி ஆய்வு செய்ய வேண்டும், கையில் இருப்பதோ ஆங்கில வினாநிரல். அப்படியென்றால் இது உங்களுக்காகத்தான். இந்த வேலையை நான் கோலாலம்பூரில் செய்து முடித்தேன். எது முதலில், எது பிறகு, எதற்குப் பணம் எடுத்து வைக்க வேண்டும், எதற்கு மாதக்கணக்கில் காத்திருக்க வேண்டும் என்பதை ஒரே இடத்தில் யாரும் சொல்லவில்லை, ஓர் அலுவலகம் இன்னொன்றைக் கைகாட்டியது, அது வேறொன்றைக் கைகாட்டியது. அடுத்து வருகிறவர்களுக்காவது அந்த அலைச்சல் குறையட்டும்.

கீழே வரும் படிகளுக்கெல்லாம் அடிப்படையான ஒரு விஷயத்தை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். அடித்தார்கள், திட்டினார்கள் என்பதெல்லாம் நடந்த சம்பவம், கேட்டால் நினைவுக்கு வரும். புறக்கணிப்பு என்பது நடக்காமல் போனது. காய்ச்சலில் கிடந்தபோது யாரும் டாக்டரிடம் கூட்டிப் போகவில்லை, இருட்டிய பிறகும் வீடு திரும்பாத பிள்ளையை யாரும் தேடவில்லை. இல்லாத ஒன்றை நினைவிலிருந்து எடுக்கச் சொல்கிறோம், ஒரு வீட்டில் என்னென்ன இருந்திருக்க வேண்டும் என்று பதில் சொல்பவர் நினைக்கிறாரோ அதற்கேற்பத்தான் பதிலும் வரும். அதனால் கேள்விகளை மக்கள் எப்படிப் புரிந்துகொள்கிறார்கள் என்று எதிரில் உட்கார்ந்து கேட்கும் கட்டத்துக்கு (கீழே 5ஆவது படி) உங்கள் நேரத்தில் பெரும்பங்கை ஒதுக்குங்கள். பலரும் கூகுள் ஃபார்மில் தொடங்கி அந்தப் படியையே தாண்டிப் போய்விடுகிறார்கள்.

1. எந்த வினாநிரல் என்று முடிவு செய்யுங்கள்

அதிகம் பயன்படுவது சி.டி.க்யூ. (சிறுவயது மனக்காய வினாநிரல், CTQ) குறும்பதிப்பு. மொத்தம் 28 கூற்றுகள், ஐந்து பிரிவுகள், பிரிவுக்கு ஐந்து. அவற்றில் உணர்வுசார் புறக்கணிப்பு ஒன்று, உடல்சார் புறக்கணிப்பு ஒன்று. மிச்சமுள்ள மூன்று கூற்றுகள், பதில் சொல்பவர் தன் சிறுவயதைக் குறையே இல்லாததாகக் காட்டுகிறாரா என்று பார்ப்பதற்கு. ஆய்வு நூல்களில் எங்கு பார்த்தாலும் இதுதான் இருக்கும் என்பதால் மற்ற நாடுகளோடு ஒப்பிடுவது சுலபம்.

உலகச் சுகாதார நிறுவனத்தின் ஏஸ் ஐ.க்யூ. (சிறுவயதின் மோசமான அனுபவங்களைக் கேட்கும் வினாநிரல், ACE-IQ) 18 வயது நிரம்பியவர்களுக்கானது, முதல் 18 ஆண்டுகளைப் பற்றிக் கேட்கிறது. அதில் புறக்கணிப்புக்குச் சில கேள்விகளே உண்டு. ஆனால் அந்தச் சிலவற்றில் ஓர் அருமையான விஷயம் இருக்கிறது: வசதி இருந்தும் போதிய சாப்பாடு தராமல் விட்டார்களா, பள்ளி இருந்தும் அனுப்பாமல் விட்டார்களா என்று கேட்கிறது. வறுமையையும் புறக்கணிப்பையும் அந்த ஒரு சொல் பிரித்துவிடுகிறது. சி.டி.க்யூ.வின் சாப்பாட்டுக் கூற்றில் அது கிடையாது. நம் சமூகத்தில் ஆய்வு செய்பவருக்கு இது சின்ன விஷயமில்லை, 5ஆவது படியில் திரும்பவும் பேசுவோம்.

புறக்கணிப்பை மட்டுமே ஆழமாகப் பார்க்கப் போகிறீர்கள் என்றால் ஸ்ட்ராஸ் குழுவினரின் பன்முகப் புறக்கணிப்பு அளவுகோலைப் பாருங்கள். உணர்வு, அறிவு வளர்ச்சி, கண்காணிப்பு, உடல் தேவை என்று நான்கு பக்கமும் அது கேட்கும். படிப்பில் அக்கறை காட்டினார்களா, எங்கே போகிறாய் என்று கேட்டார்களா என்பதையெல்லாம் சி.டி.க்யூ. கண்டுகொள்வதில்லை. 18 முதல் 24 வயது வரையுள்ள இளையோரிடம் மட்டும் கேட்பதாக இருந்தால் சிறுவயதில் பட்ட கொடுமைகளைப் பற்றிக் கேட்கும் ஐகாஸ்ட் ஆர் (ICAST-R) என்ற கருவியும் உண்டு.

என் யோசனை: ஓராண்டு முதுகலை என்றால் ஒரே ஒரு கருவியை எடுங்கள். இரண்டை ஒரே நேரத்தில் மொழிபெயர்த்துச் சோதிக்கிறேன் என்று இறங்கினால் எதையும் முழுதாக முடிக்க முடியாது.

2. அனுமதிக் கடிதம், மற்ற எதற்கும் முன்னால்

சி.டி.க்யூ. பியர்சன் நிறுவனத்தின் வெளியீடு. இணையத்தில் எங்கோ கிடக்கும் பிரதியை இறக்கிக்கொண்டு மொழிபெயர்க்கத் தொடங்காதீர்கள். எழுத்தில் அனுமதி இல்லையென்றால் நெறிமுறைக் குழு கேட்கும், குழு விட்டாலும் ஆய்விதழ் கேட்கும்.

மின்னஞ்சலில் மூன்றையும் தனித்தனியாகக் கேளுங்கள்: தமிழில் மொழிபெயர்க்கலாமா, இத்தனை பேரிடம் தாளிலோ இணையத்திலோ கொடுக்கலாமா, ஆய்வேட்டின் பின்னிணைப்பில் கூற்றுகளை அச்சிடலாமா. முதலாவதுக்குச் சரி என்று பதில் வந்தால் மூன்றுக்குமே சரி என்று எடுத்துக்கொள்வதுதான் இங்கே பெரிய பொறி. இணையத்தில் நடத்துவதற்கும் முழுக் கூற்றுகளை அச்சிடுவதற்கும் தனி நிபந்தனைகள் இருக்கலாம். ஏற்கெனவே தமிழ்ப் பிரதி ஒன்று இருக்கிறதா என்பதையும் அதே கடிதத்தில் கேட்டுவிடுங்கள். தமிழ்நாட்டிலோ இலங்கையிலோ யாராவது செய்திருந்தால் பாதி வேலை மிச்சம். ஆனாலும் அதை அப்படியே இங்கே கொடுக்காமல் 5ஆவது படியைச் செய்துதான் ஆக வேண்டும்.

பணம் கேட்பார்களா, எவ்வளவு என்பது நீங்கள் மாணவரா, எத்தனை பிரதிகள் என்பதைப் பொறுத்தது. விலை தெரியும் வரை மேற்பார்வையாளரிடம் வரவுசெலவுத் திட்டத்தைக் கொடுக்காதீர்கள். பதிலுக்குக் காத்திருக்கும் வாரங்களில் 3ஆவது படியின் தாள்களைத் தயார் செய்துகொள்ளலாம்.

3. நெறிமுறைக் குழு

எந்தக் குழு என்பதில்தான் முதல் குழப்பமே. மலாயாப் பல்கலைக்கழகத்தில் மருத்துவம் சாராத ஆய்வுகளுக்கு ஒரு குழு, பல்கலைக்கழக மருத்துவ மையத்தில் நோயாளிகளிடம் நடத்தும் ஆய்வுக்கு வேறொரு குழு. பினாங்கில் அறிவியல் பல்கலைக்கழக மாணவர் என்றால் அதன் நெறிமுறைக் குழுவான ஜெப்பெம். சுகாதார அமைச்சின் மருத்துவமனையிலோ கிளினிக்கிலோ ஆட்களைச் சேர்க்கப் போகிறீர்கள் என்றால் தேசிய மருத்துவ ஆய்வுப் பதிவேட்டில் இணையம் வழியாகப் பதிந்து, அமைச்சின் குழுவிடமும் ஒப்புதல் வாங்க வேண்டும். பதிவுக்குக் கட்டணம் இல்லை, காலம்தான் செலவு. பள்ளிக்கூடம் என்றால் கல்வி அமைச்சின் ஈராஸ் தளத்தில் விண்ணப்பம், அப்புறம் மாநிலக் கல்வி இலாகா, அப்புறம் தலைமையாசிரியர்.

புதிதாகத் தொடங்குகிறவர்களுக்கு நான் அழுத்திச் சொல்வது: 18 வயது நிரம்பியவர்களிடம் மட்டும் செய்யுங்கள். 18க்குக் கீழ் என்றால் பெற்றோரின் ஒப்புதல் வேண்டும், பிள்ளையைக் கவனிக்காமல் விட்ட பெற்றோரே அந்தத் தாளில் கையெழுத்துப் போட வேண்டியிருக்கும். போட மறுப்பவர்கள் யாராக இருப்பார்கள் என்று யோசித்துப் பாருங்கள், உங்கள் ஆய்வுக்கு மிகவும் தேவையான பிள்ளைகளே விடுபட்டுப் போவார்கள். அதோடு 2001ஆம் ஆண்டு சிறார் சட்டத்தின்படி மருத்துவர், குடும்ப உறுப்பினர், பிள்ளைப் பராமரிப்பாளர் ஆகியோருக்குப் புகார் செய்யும் கடமை உண்டு. உங்கள் குழுவில் மருத்துவர் இருந்தால் அது அவரையும் கட்டும். இதையெல்லாம் சமாளிக்க அனுபவமுள்ள மேற்பார்வையாளர் பக்கத்தில் இல்லாமல் சிறுவர்களிடம் போகாதீர்கள். பெரியவர்களிடம் பேசும்போதும்கூட, வீட்டில் இப்போதும் தம்பி தங்கைகள் அதே நிலையில் இருக்கிறார்கள் என்று ஒருவர் சொன்னால் என்ன செய்வீர்கள் என்பதை முன்கூட்டியே எழுதி வையுங்கள். குழு அதைக் கட்டாயம் கேட்கும்.

தேவைப்படும் தாள்கள்: ஆய்வுத் திட்டம், பதிப்புரிமை அனுமதி, தகவல் தாள், ஒப்புதல் படிவம், ஆட்களைச் சேர்க்கும் விளம்பரம், வினாநிரலின் ஆங்கில வடிவம், தரவை எங்கே எப்படி வைத்திருப்பீர்கள் என்ற குறிப்பு, மனம் கலங்குபவருக்கு என்ன உதவி என்ற திட்டம். தகவல் தாளும் ஒப்புதல் படிவமும் தமிழ், மலாய், ஆங்கிலம் மூன்றிலும் இருந்தால் விண்ணப்பம் திரும்பி வரும் வாய்ப்பு குறையும். வினாநிரலின் தமிழ் வடிவம் இன்னும் முடிந்திருக்காது. முதலில் மொழிபெயர்ப்புக்கும் நேர்காணலுக்கும் ஒப்புதல் வாங்கிக்கொண்டு, முடிந்த தமிழ் வடிவத்தைப் பிறகு ஒரு திருத்த விண்ணப்பமாகச் சமர்ப்பிக்கலாமா என்று செயலாளரிடம் கேட்டுவிடுங்கள், இல்லாவிட்டால் சிக்கிக்கொள்வீர்கள். பெரும்பாலான குழுக்கள் மாதத்துக்கு ஒரு தடவை போலத்தான் கூடும். கடைசித் தேதியைத் தவறவிட்டால் ஒரு மாதம் போச்சு.

உதவித் திட்டத்தில் வெறும் தொலைபேசி உதவி எண்களைப் போட்டுவிட்டு விடாதீர்கள். தாலியான் காசே 15999, சுகாதார அமைச்சின் ஹீல் 15555, பிஃப்ரெண்டர்ஸ் கோலாலம்பூர் 03-7627 2929 ஆகிய மூன்றையும் போடுங்கள். போடுவதற்கு முன் நீங்களே அழைத்து, தமிழில் பேச ஆள் உண்டா, எந்த நேரத்தில் என்று கேளுங்கள். தமிழில் மட்டுமே மனம் விட்டுப் பேசக்கூடிய ஒருவர் இரவு பதினொரு மணிக்கு அழைத்து மொழி தெரியாமல் வைத்துவிட்டால் அந்தத் தாளால் என்ன பயன்? தமிழ் பேசும் ஆலோசகர் ஒருவரிடம் முன்கூட்டியே பேசி, தேவைப்பட்டால் ஒரு வாரத்துக்குள் நேரம் தருவாரா என்று எழுத்தில் வாங்கிக்கொள்ளுங்கள்.

4. மொழிபெயர்ப்பும் நிபுணர் குழுவும்

முறை எல்லா வழிகாட்டுதல்களிலும் ஏறக்குறைய ஒன்றுதான். இருவர் தனித்தனியாகத் தமிழாக்குகிறார்கள், ஒருவருக்குத் துறை தெரியும், மற்றவருக்குத் தெரியாது. இரண்டையும் சேர்த்து ஒரு வடிவம். மூலத்தைப் பார்க்காத வேறு இருவர் அதைத் திரும்ப ஆங்கிலமாக்குகிறார்கள். பிறகு எல்லோரும் உட்கார்ந்து ஒப்பிட்டு முடிவெடுக்கிறார்கள். ஒவ்வொரு முடிவுக்கும் ஏன் என்று ஒரு வரி எழுதி வையுங்கள். வாய்மொழித் தேர்வில் அந்தத் தாள்தான் காப்பாற்றும்.

மொழிபெயர்ப்பாளர்களைத் தேடும்போது பட்டம் பெற்றவர்களாகப் பார்க்கிறோம், அவர்கள் எழுதுவது மேடைத் தமிழாகிவிடுகிறது. ஒருவராவது தமிழ்ப்பள்ளி ஆசிரியராகவோ வானொலி, செய்திப் பிரிவில் வேலை செய்தவராகவோ இருக்கட்டும். மலாயாப் பல்கலைக்கழக இந்திய ஆய்வியல் துறையில் விசாரித்தால் ஆள் கிடைக்கும். கட்டணம் பக்கத்துக்கா சொல்லுக்கா என்று முன்பே பேசி முடித்துவிடுங்கள், திருத்தத்துக்குத் தனிக் காசு உண்டா என்பதையும் சேர்த்து. நண்பர்களிடம் இலவசமாகக் கேட்டால் கேட்கலாம், ஆனால் நாள் சொல்லி வாங்க முடியாது.

பதில் அளவுகோலில் ஒரு கண்ணி இருக்கிறது. "எனக்குப் போதிய சாப்பாடு கிடைக்கவில்லை" என்பது போன்ற எதிர்மறைக் கூற்றுக்கு எதிரே "ஒருபோதும் இல்லை" என்று ஒரு பதிலை வைத்தால், பட்டினியே கிடக்காதவரும் அதைத்தான் தேர்ந்தெடுப்பார், எப்போதும் பட்டினி கிடந்தவரும் அதைத்தான் தேர்ந்தெடுப்பார். இரண்டும் தமிழில் சரியான வாசிப்பே. பதில்களை "அப்படி நடந்ததே இல்லை" என்பதில் தொடங்கி "மிக அடிக்கடி அப்படி நடந்தது" வரை முழு வாக்கியங்களாக எழுதுங்கள். ஒரு கூற்றுக்கு எப்படிப் பதில் குறிப்பது என்பதற்கு ஒரு தெளிவான எடுத்துக்காட்டையும் முதல் பக்கத்தில் வையுங்கள்.

நிபுணர் குழுவுக்கு ஆறு பேர் போதும்: ஆலோசகர், மனநல மருத்துவர், சமூகப்பணியாளர், அளவியல் தெரிந்தவர், மொழி தெரிந்தவர், முடிந்தால் அந்த அனுபவத்தைக் கடந்துவந்த ஒருவர். ஒவ்வொரு கூற்றும் எவ்வளவு பொருந்துகிறது என்று 1 முதல் 4 வரை மதிப்பிடச் சொல்லி, 3 அல்லது 4 கொடுத்தவர்களின் பங்கைக் கணக்கிடுங்கள். ஆறு பேர் என்றால் 0.78க்குக் குறையும் கூற்றுகளைத் திரும்பப் பார்க்க வேண்டும், ஐந்து பேரோ அதற்குக் குறைவோ என்றால் எல்லோருமே ஒத்துப்போக வேண்டும். அவர்கள் ஓரத்தில் எழுதும் குறிப்புகள் அந்த எண்களைவிடப் பயனுள்ளவை.

5. எதிரில் உட்கார்ந்து கேளுங்கள்

இந்தப் படிக்கு இரண்டு மூன்று மாதம் கொடுங்கள். ஐந்தாறு பேரிடம் கேட்டுத் திருத்தி, மறுபடி வேறு ஐந்தாறு பேரிடம் கேட்டுத் திருத்தி, புதிதாக எந்தக் குழப்பமும் வராத வரை போக வேண்டும். வடிவம் நிலைத்த பிறகு 30 முதல் 40 பேரிடம் ஒரு முன்சோதனை.

ஆட்களைக் கலந்து தேர்ந்தெடுங்கள். பல்கலைக்கழக மாணவர்களோடு நிறுத்திவிடாமல் செந்தூல் அடுக்குமாடியில் வளர்ந்தவர், கிள்ளான் பக்கம் தோட்ட லயத்தில் பிறந்து ஐம்பதைத் தாண்டியவர், படிவம் 3 உடன் படிப்பை நிறுத்தியவர், ஆண்கள் என்று எல்லோரும் வேண்டும். ஆண்கள் வர மாட்டார்கள், பொறுமையாகத் தேடுங்கள்.

ஒவ்வொரு கூற்றுக்கும் நான் கேட்ட கேள்விகள் இவ்வளவுதான்: "இது என்ன கேக்குது, உங்க வார்த்தையில சொல்லுங்க." "பதில் சொன்னப்போ எந்த வயசை நினைச்சீங்க?" "யாரை நினைச்சீங்க?" "ஏன் இந்தப் பதிலை எடுத்தீங்க?" அதற்கு மேல் பேச வேண்டாம். அவர் தயங்கும் இடம், திரும்பப் படிக்கும் இடம், சிரிக்கும் இடம் எல்லாவற்றையும் குறித்துக்கொள்ளுங்கள்.

என்ன கிடைக்கும் என்பதற்குச் சில மாதிரிகள். அன்பாக இருந்தார்களா என்ற கூற்றில் பலர் நீண்ட நேரம் நிற்பார்கள். நம் வீடுகளில் அதை யாரும் வாயால் சொல்வதில்லை, சாப்பிட்டியா என்று கேட்பார்கள், டியூஷனுக்குப் பணம் கட்டுவார்கள். ராத்திரி முழுக்க லாரி ஓட்டிய அப்பாவோடு வாரத்தில் ஒரு வார்த்தைகூடப் பேசாத ஒருவர், அப்பாவுக்குத் தன்மேல் பாசம் இருந்தது என்று உறுதியாகச் சொல்லி உயர்ந்த எண்ணைத் தேர்ந்தெடுப்பார். இது தவறான பதிலா? என் பார்வையில் இல்லை. பாசம் இருந்தது என்ற அவர் நம்பிக்கையை அந்தக் கூற்று சரியாகவே பிடித்திருக்கிறது. அப்பா அருகில் இருந்தாரா என்பது இன்னொரு கேள்வி, அதை உங்கள் கருவி கேட்கிறதா என்று பாருங்கள்.

அடுத்தது, குடும்பம் என்றால் யார். அம்மாவும் அப்பாவும் தொழிற்சாலை ஷிஃப்டில், பிள்ளையை வளர்த்தது பாட்டி. தோட்டத்தில் பிறந்த மூத்தவர்களில் சிலர் ஆயாக் கொட்டகையில் (தோட்டத்துப் பிள்ளைக் காப்பகம்) வளர்ந்ததைச் சொல்வார்கள். அக்காவே அம்மாவாக இருந்த வீடுகளும் உண்டு. கூற்று குடும்பத்தில் ஒருவர் என்கிறதா, பெற்றோர் என்கிறதா என்பதை மூலத்தில் உள்ளபடியே காப்பாற்றுங்கள். மொழிபெயர்ப்பில் எல்லாமே பெற்றோர் ஆகிவிட்டால், பாட்டியிடம் நன்றாக வளர்ந்த பிள்ளை புறக்கணிக்கப்பட்டவராகக் கணக்கில் வந்துவிடும்.

சி.டி.க்யூ.வில் காலம் நான் வளர்ந்த பருவம் என்ற அளவில்தான் இருக்கிறது. கல்யாணம் வரை என்று எடுத்துக்கொள்பவர்கள் உண்டு, ஆரம்பப்பள்ளி வரை என்று எடுத்துக்கொள்பவர்களும் உண்டு. 18 வயது வரை என்று அறிவுரைப் பத்தியில் சேர்க்க அனுமதி கேளுங்கள்.

இப்போது வறுமை. சாப்பாடு போதவில்லை, அழுக்கு உடையோடு போனேன் என்று சொல்பவர்களிடம் ஏன் என்று கேட்டால், வீட்டில் காசு இல்லை, அம்மா தான் சாப்பிடாமல் எங்களுக்குக் கொடுத்தாங்க என்பார்கள். அந்த அம்மா புறக்கணித்தவர் அல்ல. ஆனால் எண்ணைக் கூட்டும்போது அவர் பிள்ளைக்கு உடல்சார் புறக்கணிப்பு என்று வந்துவிடும். ஏற்கெனவே குறை சொல்லப் பலர் காத்திருக்கும் ஒரு சமூகத்தைப் பற்றி அப்படியொரு எண்ணை ஆய்வு என்ற பெயரில் வெளியிடுவது சரியில்லை. கூற்றை நீங்களாக மாற்ற முடியாது, மாற்றினால் அது வேறு கருவி. அதனால் வினாநிரலுக்கு வெளியே, அந்தக் காலத்தில் வீட்டில் பணக் கஷ்டம் எவ்வளவு இருந்தது, அப்போது வீட்டில் யார் யார் சம்பாதித்தார்கள் என்று தனியாகச் சில கேள்விகள் சேருங்கள். பகுப்பாய்வில் அது இல்லாமல் உடல்சார் புறக்கணிப்பைப் பற்றி எதுவும் சொல்ல வேண்டாம்.

இடம் விஷயத்தில் கவனம். வீட்டில் வைத்துக் கேட்காதீர்கள், யார் வளர்த்தார்களோ அவர்களே பக்கத்து அறையில் இருப்பார்கள். மாமாக் உணவுக்கடையும் வேண்டாம். நூலகத்தின் சிறு அறை, பல்கலைக்கழக ஆலோசனை மையம், பொதுமண்டபத்தில் கதவுள்ள ஓர் அறை, இப்படி ஏதாவது. ஒருவருக்கு ஒரு மணி நேரம் என்று போட்டுக்கொண்டு, ஒரு நாளைக்கு இரண்டு பேருக்கு மேல் வைக்காதீர்கள். கேட்கும் உங்களுக்கும் பாரம் ஏறும், மேற்பார்வையாளரிடம் வாரம் ஒருமுறை பேச நேரம் வாங்கி வையுங்கள்.

6. பெரிய மாதிரி

எத்தனை பேர்? எந்தெந்தக் கூற்றுகள் ஒரே பிரிவாகச் சேர்கின்றன என்று பார்க்கும் காரணிப் பகுப்பாய்வுக்குக் கூற்றுகளின் எண்ணிக்கையைப் போல் ஏழு மடங்கு, 100க்குக் குறையாமல் என்பது பரவலாக ஏற்கப்படும் அளவு. 28 கூற்றுக்கு 196 பேர். பாதியில் விட்டுப் போகிறவர்களையும் சேர்த்து 280க்கு மேல் திட்டமிடுங்கள்.

மொழி பற்றி முன்கூட்டியே முடிவெடுங்கள். வீட்டில் தமிழ் பேசி, தேசியப் பள்ளியில் படித்து, தமிழ் எழுத்தை மெதுவாக மட்டும் வாசிப்பவர்கள் கோலாலம்பூரில் ஏராளம். அவர்களுக்கு மலாய் வடிவம் கொடுத்துத் தமிழ்ப் பதில்களோடு ஒன்றாகக் கலக்கக் கூடாது, அது இன்னொரு கருவி. நீங்கள் வாசித்துக் காட்டிப் பதில் வாங்கலாம், ஆனால் ஒருவர் முகத்தைப் பார்த்துச் சொல்லும் பதில் தாளில் தனியாகக் குறிக்கும் பதிலைவிடக் கூச்சப்படும். யார் எந்த முறையில் பதிலளித்தார் என்று ஒரு கட்டம் போட்டுக் குறித்துக்கொள்ளுங்கள்.

செலவு: தாள் பிரதிக்குப் பெரிதாக ஆகாது. நேரம் தருகிறவர்களுக்கு நன்றியாக 10 அல்லது 20 வெள்ளி என்று குழுவிடம் எழுதி ஒப்புதல் வாங்கலாம், அதுதான் மொத்தச் செலவில் பெரிய பங்கு. போக்குவரத்துக்குக் குடிமக்களுக்கான மை50 அட்டையை எடுத்துவிடுங்கள், 50 வெள்ளிக்கு 30 நாள் எல்.ஆர்.டி., எம்.ஆர்.டி., மோனோரயில், ரேப்பிட் பஸ் எல்லாம் அடங்கும். கிள்ளானுக்குக் கோமுட்டர் ரயிலில் போனால் அதற்குத் தனி.

காலம்: தைப்பூசத்துக்கு முந்திய வாரங்கள், தீபாவளி, சீனப் புத்தாண்டு, நோன்புப் பெருநாள் விடுமுறைகளை விட்டுவிட்டுத் திட்டம் போடுங்கள். ஆள் கிடைக்காது என்பது மட்டும் காரணமில்லை, வீட்டுக்குப் போய்ப் பெற்றோரைப் பார்த்துவிட்டு வந்தவர் சொல்லும் பதில் வேறு மாதிரி இருக்கலாம். இதனால்தான் அதே ஆட்களிடம் வினாநிரலை மறுபடி கொடுக்கும் மறுசோதனைக்கான இரண்டு வார இடைவெளிக்குள் தீபாவளி விழக் கூடாது என்கிறேன். மறுசோதனைக்கு 50 பேருக்குக் குறையாமல் வரப் பாருங்கள், பெயர் எழுதாமல் ஒருவரின் இரண்டு தாள்களையும் இணைக்க, தாங்களே உருவாக்கும் ஒரு குறியீடு போதும்.

ஒப்பிட்டுப் பார்க்க இன்னொரு சிறு கருவியும் சேர்த்துக் கொடுக்க வேண்டும். மனச்சோர்வுக்கான பி.எச்.க்யூ. 9 தமிழில் இலவசமாகக் கிடைக்கிறது. அதற்கு மேல் அடுக்காதீர்கள், களைத்துப் போனவர் கடைசிப் பக்கத்தில் ஒரே வரிசையில் குறித்துக்கொண்டே போவார். பி.எச்.க்யூ. 9இன் கடைசிக் கேள்வி தன்னை மாய்த்துக்கொள்ளும் எண்ணம் பற்றியது. பதில்களை அன்றைக்கே பார்க்க முடியாது என்றால் அதைக் கொடுக்காதீர்கள்.

7. கணக்கு

ஆர் மென்பொருளின் லாவான் தொகுப்பு, அல்லது ஜமோவி, ஜாஸ்ப் போதும், மூன்றும் இலவசம்.

முதலில் எதிர்த்திசைக் கூற்றுகளைத் திருப்புங்கள், அதாவது நல்லது நடந்தது என்று சொல்லும் கூற்றுகளில் 5ஐ 1ஆகவும் 4ஐ 2ஆகவும் மாற்றிப் போடுங்கள். சி.டி.க்யூ.வில் 2, 5, 7, 13, 19, 26, 28 ஆகியவை. உணர்வுசார் புறக்கணிப்பின் ஐந்துமே இதில் அடக்கம், ஒன்றை விட்டாலும் எல்லாம் தலைகீழ். 10, 16, 22 ஆகியவை சிறுவயதைக் குறையே இல்லாததாகக் காட்டுகிறாரா என்று பார்க்கும் அந்த மூன்று கூற்றுகள், அவற்றைத் தூக்கி எறியாதீர்கள். அவற்றில் உச்ச எண்ணைக் குறித்தவர்கள் எத்தனை பேர் என்று அறிக்கையில் எழுதுங்கள்.

பதில்கள் பெரும்பாலும் மிகக் குறைந்த எண்ணான 1இல் குவிந்து கிடக்கும், சாதாரணப் பரவலை எதிர்பார்க்காதீர்கள். பதில்களை வரிசைத் தரவாக எடுத்துக்கொள்ளும் மதிப்பீட்டு முறையைத் தேர்ந்தெடுங்கள், லாவானில் அதன் பெயர் டபிள்யூ.எல்.எஸ்.எம்.வி. கட்டமைப்பு முன்பே தெரிந்த கருவி என்பதால் உறுதிப்படுத்தும் காரணிப் பகுப்பாய்வில் தொடங்குங்கள். அந்தக் கட்டமைப்பு உங்கள் தரவோடு எவ்வளவு பொருந்துகிறது என்று காட்டும் எண்களில் சி.எஃப்.ஐ. 0.95க்குப் பக்கம், ஆர்.எம்.எஸ்.ஈ.ஏ. 0.06க்குப் பக்கம் என்று பார்ப்பார்கள்.

உடல்சார் புறக்கணிப்புப் பிரிவின் ஆல்ஃபா (ஒரு பிரிவின் கூற்றுகள் ஒன்றோடொன்று எவ்வளவு ஒத்துப்போகின்றன என்ற எண்) குறைவாக வரும். 0.70க்குக் கீழே வந்தால் பயப்படாதீர்கள், பல மொழிகளில் அப்படித்தான் வந்திருக்கிறது. சாப்பாடு, உடை, டாக்டர், பெற்றோரின் குடி என்று தனித்தனி விஷயங்களை ஒரே பிரிவில் வைத்திருக்கிறார்கள், ஒன்று இருந்தால் இன்னொன்றும் இருந்தாக வேண்டும் என்று எந்தக் கட்டாயமும் கிடையாது. அந்தப் பிரிவின் 2ஆம் 26ஆம் கூற்றுகள் நல்லது நடந்தது என்று எழுதப்பட்டவை, அவை உணர்வுசார் பிரிவோடு போய் ஒட்டிக்கொள்வதும் பலருக்கு நடந்திருக்கிறது. ஆல்ஃபாவைத் தூக்குவதற்காகக் கூற்றை நீக்காதீர்கள். 5ஆவது படியின் குறிப்புகளை எடுத்து, அந்தக் கூற்றை மக்கள் எப்படிப் புரிந்துகொண்டார்கள் என்று பாருங்கள், விடை பெரும்பாலும் அங்கே இருக்கும். ஆல்ஃபாவைப் போன்ற இன்னோர் எண்ணான ஒமேகாவையும் சேர்த்துக் கொடுங்கள்.

8. எழுதும்போது எதைச் சொல்லலாம்

சி.டி.க்யூ. கையேட்டில் வெட்டுப்புள்ளிகள் உண்டு. உணர்வுசார் புறக்கணிப்பில் 18உம் அதற்கு மேலும், உடல்சார் புறக்கணிப்பில் 13உம் அதற்கு மேலும் கடுமை என்று. அவை அமெரிக்காவில் வகுக்கப்பட்டவை. அவற்றை வைத்துக்கொண்டு மலேசியத் தமிழரில் இத்தனை விழுக்காடு என்று எழுதாதீர்கள், பத்திரிகை அந்த ஒரு வரியைத்தான் எடுக்கும். சராசரியையும் பரவலையும் கொடுங்கள்.

இன்னொன்று, சுயமாகச் சொல்வதை நடந்ததற்கான சான்றாக எழுத வேண்டாம். 2019இல் ஜாமா சைக்கியாட்ரி இதழில் 16 ஆய்வுகள், 25,471 பேரை வைத்து ஒரு தொகுப்பாய்வு வந்தது. சிறுவயதிலேயே பதிவானதற்கும், வளர்ந்த பிறகு அவர்களே நினைவுகூர்ந்து சொன்னதற்கும் உள்ள ஒத்திசைவு 0.19தான் (1 என்றால் முழு ஒப்பு), மிகக் குறைவு. யாரோ பொய் சொல்கிறார்கள் என்று இதற்கு அர்த்தமில்லை, இரண்டும் பெரும்பாலும் வேறு வேறு ஆட்களைக் காட்டுகின்றன. "புறக்கணிக்கப்பட்டவர்கள்" என்று எழுதும் இடத்திலெல்லாம் "புறக்கணிப்பை அனுபவித்ததாகச் சொன்னவர்கள்" என்று மாற்றுங்கள். ஆய்வேடு முழுக்கத் தேடி மாற்ற ஒரு மாலை போதும், சமர்ப்பிக்கும் முன் செய்துவிடுங்கள்.

முடிந்த தமிழ் வடிவத்தின் ஒரு பிரதியைப் பதிப்புரிமையாளருக்கு அனுப்ப வேண்டும் என்ற நிபந்தனை உங்கள் அனுமதிக் கடிதத்தில் இருக்கிறதா என்று பாருங்கள். நேர்காணலுக்கு வந்தவர்களில் முடிவைத் தெரிந்துகொள்ள விரும்புகிறேன் என்று கட்டம் குறித்தவர்களுக்கு, இரண்டு பக்கத்தில் எளிய தமிழில் எழுதி அனுப்புங்கள். அந்தக் கட்டத்தை ஒப்புதல் படிவத்தில் 3ஆவது படியிலேயே சேர்த்திருக்க வேண்டும், பிறகு சேர்க்க முடியாது.